தண்ணீரில் கலந்தால் என்ன கிடைக்கும்?

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஊட்டச்சத்துப் பாடம் நடத்த வந்திருக்கிறீர்கள். எல்லாத் துறையினரும் எடுக்கக்கூடிய விருப்பப் பாடம் என்பதால் உங்கள் வகுப்பில் பி.காம் படிக்கும் பெண்ணும் இருப்பாள், கம்ப்யூட்டர் படிக்கும் பெண்ணும் இருப்பாள். புரதம் எது, மாவுச்சத்து எது என்று சொல்லித்தருவது பெரிய கஷ்டமில்லை. நல்ல புத்தகங்கள் இருக்கின்றன, போனைத் திறந்தாலும் எல்லாம் இருக்கிறது. அதையெல்லாம் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிற ஒரு காலைப்பொழுது இருக்கிறது. அதைச் சொல்கிறேன். அன்று எங்கள் கல்லூரி அரங்கில் இரண்டு பெண்கள் என்னை அசர வைத்தார்கள்.

கல்லூரி ஓசூர் ரோட்டில், சந்தாபுராவுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. பாதிப் பிள்ளைகள் சுற்றுவட்டாரத்தில் வீட்டிலிருந்து வருகிறவர்கள். மீதிப் பேர் வெளியூர். எலெக்ட்ரானிக் சிட்டியில் பி.ஜி. விடுதிகளில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அந்த விடுதிகள் ஐ.டி. கம்பெனிக்காரர்களை மனதில் வைத்து நடத்தப்படுபவை. அவர்களுக்கு ஏற்ற நேரத்தில்தான் காலை டிபன் வரும். எங்கள் பிள்ளைகளோ அதற்கு முன்பே பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். வாடகையோடு டிபனுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு முதல் வகுப்பில் வந்து உட்காருவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிஸ்கட் தின்னாதே, நூடுல்ஸ் தின்னாதே என்று வகுப்பில் சொல்கிற ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு நேராக கேன்டீனுக்குப் போய் நூடுல்ஸ் வாங்குவார்கள். அதனால் நான் எதையும் தின்னாதே என்று சொல்வதை விட்டுவிட்டேன். நேற்று எதைச் சாப்பிட்டாயோ அதன் காலிப் பாக்கெட்டைக் கொண்டு வா என்பேன். கொண்டு வந்ததைத் திருப்பி, பின்பக்கத்தைப் படிக்கச் சொல்வேன். முன்பக்கத்தில் இருப்பது கம்பெனி சொல்ல விரும்புவது. பின்பக்கத்தில் இருப்பது சட்டத்துக்காக அது சொல்லியே ஆக வேண்டியது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்றதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். படித்த பிறகும் நூடுல்ஸ் வாங்குவாள் ஒருத்தி. வாங்கட்டும். தெரிந்து வாங்குகிறாள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் சத்துபானப் பவுடர் தயாரிக்கும் ஒரு கம்பெனி எங்களைத் தேடி வந்தது. பெயர் வேண்டாம். கல்லூரியில் ஊட்டச்சத்து வாரம் நடத்த உதவுவார்களாம். கூடவே, செய்முறை வகுப்புக்கு ஒரு சமையலறையும் கட்டித் தருவார்களாம். கேஸ் அடுப்பு, மேடை, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்த சமையலறை வேண்டும் என்று நான் வருஷா வருஷம் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தவள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேசுவதற்கு அவர்கள் அனுப்பிய ஊட்டச்சத்து நிபுணர் யார் என்று பார்த்தால், புவனேஸ்வரி! என்னிடம் படித்தவள்.

புவனா கன்டோன்மென்ட் பக்கத்துப் பெண். அவளுடைய அம்மா ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்த்துவந்தார். அங்கிருந்து இவ்வளவு தூரம் பஸ் மாறி மாறி வந்து படித்தாள். வகுப்பில் முதலாவதாக வந்தவள் அல்ல. ஆனால் அவளிடம் ஒரு குணம் இருந்தது. வகுப்பில் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். ஒருமுறை பாடத்தைக் கவனிக்காத ஒருத்தியை எழுப்பி நிற்க வைத்தேன். புவனா மெல்ல என்னருகே வந்து, "மேடம், அவ நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. நிக்க வெக்காதீங்க, விழுந்துருவா" என்றாள். அப்படிப்பட்ட பெண்.

விழாவன்று கம்பெனிக் காரில் வந்து இறங்கினாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேப்டாப் பை. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கே புவனா? வேலை பிடிச்சிருக்கா?"

"நல்லாருக்கேன் மேடம். எங்க வீட்ல ஆபீஸ் வேலைக்குப் போன மொத ஆளு நான்தான். அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி சந்தோஷப்படுறாங்க" என்று சிரித்தாள்.

கம்பெனியின் விற்பனை மேலாளரும் கூட வந்திருந்தார். எங்கள் பிரின்சிபாலும் அவரும் முன்வரிசையில் அருகருகே உட்கார்ந்தார்கள். கேள்வி பதில் பகுதியை நடத்தும் பொறுப்பு எனக்கு. கையில் ஒரு மைக்கோடு மேடையின் ஓரத்தில் நின்றேன்.

புவனா நன்றாகப் பேசினாள். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் மாறி மாறிப் பேசியதால் யாரும் கொட்டாவி விடவில்லை. காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்று சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. கடைசிப் படம் மட்டும் கம்பெனியுடையது. கண்ணாடி டம்ளர் நிறைய பானம். மேலே, இந்த ஒரு டம்ளரே முழுமையான காலை உணவு என்ற வாசகம். அதை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. திரையில் விட்டுவிட்டு, "கேள்வி இருந்தா கேளுங்க" என்றாள். அவள் படிக்காமல் விட்டதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். சங்கீதா, பி.காம் இரண்டாம் வருஷம். தர்மபுரிப் பக்கத்துப் பெண். என் வகுப்பில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. இங்கிலீஷில் தொடங்கி, ஒரு வாக்கியம் முடிவதற்குள் திக்கி நின்றாள்.

"மேடம், தமிழ்ல கேக்கலாமா?"

"தாராளமா கேளும்மா" என்றாள் புவனா.

"நான் எலெக்ட்ரானிக் சிட்டியில பி.ஜி.ல இருக்கேன் மேடம். டிபன் வர்றதுக்குள்ள பஸ்ஸுக்கு ஓடணும். அதனால இந்த செமஸ்டர் ஆரம்பிச்சதிலேர்ந்து உங்க பவுடர்தான் குடிக்கிறேன். ஆனா பி.ஜி.ல பால் கெடையாது. தண்ணியிலதான் கலக்குறேன். டப்பாவைத் திருப்பிப் பாத்தேன். முன்னாடி பெருசா போட்டிருக்கிற புரோட்டீன் கணக்கெல்லாம் பாலோட சேத்துதான்னு கீழ சின்னதா எழுதியிருக்கு. அப்போ தண்ணியில கலந்தா எனக்கு என்ன மேடம் கெடைக்கும்?"

அவள் உட்காரவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"கொஞ்ச நாளா படி ஏறுனாலே மூச்சு வாங்குது. தலை சுத்துது. இது காலைச் சாப்பாடு ஆகுமா மேடம்? அதான் கேக்கறேன்."

மடக்க வேண்டும் என்று கேட்ட கேள்வியில்லை அது. அந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே பதில் வேண்டியிருந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ கன்னடத்தில், "நிஜா ஹேளி மேடம்" என்றார்கள். உண்மையைச் சொல்லுங்கள் என்று அர்த்தம். அதிலும் கிண்டல் இல்லை.

நான் மேலாளரைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டினார். முடித்துவிடுங்கள் என்கிறார். முடிப்பதும் சுலபம்தான். நேரமாகிவிட்டது, மேடத்தைத் தனியாகச் சந்தித்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி போதும். விழா நடத்துகிறவர்கள் எல்லோரும் வழக்கமாகச் சொல்கிற வரி அது. யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

நான் தயங்கியது மேலாளருக்குப் பயந்தோ சமையலறைக்கு ஆசைப்பட்டோ மட்டுமல்ல. மேடையில் நிற்பது புவனா. அந்த வேலை அவள் வீட்டுக்கே முதல் வேலை. நான் அந்த வரியைச் சொன்னால் அவள் தப்பித்துக்கொள்வாள். சொல்லாவிட்டால், மேலாளர் எதிரில் உட்கார்ந்திருக்க அவள் பதில் சொல்லியாக வேண்டும். அவளைக் காப்பாற்றுவதா, கேள்வி கேட்ட பெண்ணுக்குப் பதில் கிடைக்கச் செய்வதா? உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். யோசிக்க அவகாசம் இருக்காது. ஒரு பக்கம் உங்களுக்கு வேண்டியவர் நிற்பார், இன்னொரு பக்கம் ஒரு நல்ல கேள்வி நிற்கும்.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அதனால் முடிவை அவளிடமே விட்டேன். மைக்கை எடுத்து, "நேரம் இருக்கு. புவனேஸ்வரி மேடம் பதில் சொல்ல விரும்பினா சொல்லலாம்" என்றேன். அவளைத் தள்ளிவிடவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

புவனா திரையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சங்கீதாவைப் பார்த்தாள். லேப்டாப்பை மெதுவாக மூடினாள். திரை வெறும் நீலமானது.

"உன் பேரு என்னம்மா?"

"சங்கீதா மேடம்."

"சங்கீதா, நீ படிச்சது சரி. அந்தப் புரோட்டீன்ல பெரும்பங்கு பால்லேர்ந்து வர்றது. தண்ணியில கலந்தா உனக்குக் கெடைக்கிறது முக்காவாசி சர்க்கரையும் மாவும்தான். கொஞ்சம் வைட்டமின், தாதுச்சத்து சேத்திருக்காங்க, அது இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா அது காலைச் சாப்பாடு ஆகாது."

இதையே கன்னடத்திலும் ஒருமுறை சொன்னாள். மாணவிகள் கைதட்டத் தொடங்கினார்கள். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"கை தட்டாதீங்க, நான் இன்னும் முடிக்கல. சங்கீதா, உனக்கு மூச்சு வாங்குறதும் தலை சுத்துறதும் இந்தப் பவுடராலதான்னு நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. வேற காரணம் இருக்கலாம். இன்னிக்கே போய் டாக்டரைப் பாரு. ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லு. பவுடரை நிறுத்திட்டா சரியாயிடும்னு நெனச்சுக்கிட்டு இருந்துராதே."

இங்கேதான் நான் அவளை மனதுக்குள் கும்பிட்டேன். கைதட்டல் அவள் பக்கம் வந்துவிட்டது. பழியை முழுக்கப் பவுடர் மேல் போட்டிருந்தால் அந்த அரங்கமே அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கும். அவள் தனக்குத் தெரிந்த எல்லைவரை வந்து அங்கேயே நின்றாள். கம்பெனிக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்லத் துணிச்சல் போதும். கூட்டம் கேட்க ஆசைப்படுவதைச் சொல்லாமல் இருப்பதற்கு அதைவிடப் பெரிய நிதானம் வேண்டும். வயதிலும் அனுபவத்திலும் அவளுக்கு எவ்வளவோ மூத்த என்னிடம் அந்த நிதானம் இருந்திருக்குமா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

மேலாளர் எழுந்து வெளியே போனார். புவனா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி மாணவிகளுக்கு நடுவே வந்து நின்றுகொண்டாள்.

"சரி, பி.ஜி.ல இருக்கிறவங்க கையைத் தூக்குங்க. காலைல பஸ் ஏறுறதுக்கு முன்னாடி உங்க கைக்கு என்னெல்லாம் கெடைக்கும்? யோசிச்சு சொல்லுங்க."

நிறையக் கைகள் உயர்ந்தன. பிறகு ஒவ்வொருத்தியாகத் தொடங்கினார்கள். ஸ்டாப் பக்கத்தில் ஒருவர் வண்டியில் அவித்த முட்டை விற்கிறார். வாழைப்பழத்தை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளலாம். வேர்க்கடலையை ராத்திரியே ஊற வைக்கலாம், அதற்கு அடுப்பு வேண்டாம்.

"ராத்திரி சப்பாத்தி மிஞ்சுமா?" என்று கேட்டாள் புவனா.

"மிஞ்சும் மேடம். ஆனா எடுத்து வெச்சா பி.ஜி. ஆன்ட்டி கத்துவாங்க" என்றாள் ஒருத்தி. அரங்கமே சிரித்தது.

"ஒருத்தி கேட்டா கத்துவாங்க. எல்லாரும் சேந்து போய்க் கேட்டா?"

சிரிப்பு நின்று, பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த யோசனை அவர்களுக்குள் இறங்குவது எனக்கு முகத்திலேயே தெரிந்தது. என் பணிக்காலத்தில் நான் பார்த்த சிறந்த வகுப்பு அதுதான். அதை நடத்தியது நான் இல்லை.

முடிந்ததும் பிரின்சிபால் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேலாளர் அங்கே சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் கேள்வியை எழுதிக் கொடுத்துக் கேட்க வைத்தோம் என்பது அவருடைய புகார். எங்கள் பிரின்சிபால் கண்டிப்பான அம்மாள். சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. என்னிடம் நேராகக் கேட்டார்.

"நீங்க சொல்லிக்கொடுத்த கேள்வியா?"

"இல்ல மேடம். டப்பாவைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். கேள்வி அவளோடது."

பிரின்சிபால் மேலாளர் பக்கம் திரும்பினார். "சார், இதைப் படிக்கத்தான் நாங்க பாடம் வெச்சிருக்கோம். மத்த கம்பெனி டப்பாவை மட்டும் படி, எங்களுக்கு உதவி பண்றவங்க டப்பாவைப் படிக்காதேன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

மேலாளர் போன பிறகு என்னைப் பார்த்து, "உங்க சமையலறை போச்சு" என்றார். "ஆமா மேடம்" என்றேன். "அந்தப் பொண்ணை யார் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறது?" என்றுதான் அடுத்துக் கேட்டார்.

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சங்கீதாவுக்கு ரத்தசோகை. அதுவும் லேசாக இல்லை. பல மாதமாக அவளுக்கு மாதவிலக்கு அதிகமாக இருந்திருக்கிறது; யாரிடமும் சொல்லவில்லை. முழுமையான சத்து என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, குடித்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்திருக்கிறாள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். மருந்து மாத்திரை சாப்பிட்டு, சாப்பாட்டையும் சரிசெய்துகொண்டு, செமஸ்டர் முடிவதற்குள் முகம் தெளிந்துவிட்டாள்.

அவளோடு தங்கியிருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து விடுதி ஆன்ட்டியிடம் போய்ப் பேசினார்கள். ஆன்ட்டி கத்தினார்களாம். சமையல்காரர் அவ்வளவு சீக்கிரம் வரமாட்டார் என்றார்களாம். இவர்களும் விடவில்லை. சமையல்காரர் வர வேண்டாம், ராத்திரியே அவித்த கடலையும் பழமும் எடுத்து வைத்தால் போதும், டிபனுக்குப் பதில் அதைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆன்ட்டி இறங்கிவந்தார். அதைக் கேள்விப்பட்டு மற்ற விடுதிப் பிள்ளைகளும் கேட்டார்கள். சில இடங்களில் நடந்தது, சில இடங்களில் நடக்கவில்லை.

சமையலறை நான் ஓய்வு பெறும்வரை வரவேயில்லை.

புவனாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அதன்பிறகு எந்தக் கல்லூரிக்கும் பேச அனுப்பவும் இல்லை. அவளும் சும்மா இருக்கவில்லை. தண்ணீரில் கலந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது என்று டப்பாவின் முன்பக்கத்திலேயே தெரியும்படி போட வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். யாரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் ராஜினாமா செய்துவிட்டு, பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்கு ஊட்டச்சத்து ஆலோசகராகப் போனாள். சம்பளம் குறைவு. கம்பெனிக் கார் கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அவளைப் பார்க்க அங்கே போயிருந்தேன். மதிய ஷிப்ட் சாப்பாட்டு நேரம். தொழிலாளிகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். புவனா வரிசையோரமாக நடந்துகொண்டே, "ஏண்ணா, கீரை வெக்காம போறீங்களே, வெச்சுக்குங்க", "அக்கா, மோர் எடுத்துக்கிட்டீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் பேசிக்கொண்டிருந்தாள். கூட்டம் குறைந்ததும் எனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா வருத்தப்பட்டாங்களா, அந்த வேலையை விட்டதுக்கு?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள் பேசவே இல்ல மேடம். அப்புறம் ஒருநாள் இங்க வந்து சாப்பிட்டுப் பாத்தாங்க. இப்ப எல்லார்கிட்டயும் இதைச் சொல்றாங்க" என்று சிரித்தாள்.

ரொம்ப நாளாக மனதில் இருந்ததை அப்போது கேட்டுவிட்டேன். "அன்னிக்கு மேடையில பதில் சொல்றதுக்கு முன்னாடி லேப்டாப்பை மூடினியே புவனா, அப்போ என்ன நெனச்சே?"

நான் எடுத்த ஏதாவது ஒரு வகுப்பு ஞாபகத்துக்கு வந்திருக்கும் என்று எனக்குள் ஒரு நப்பாசை. அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"உங்களை நெனச்சேன்னு சொன்னா நீங்க சந்தோஷப்படுவீங்க மேடம். ஆனா பொய் சொல்லக்கூடாது, நெனக்கல. வேலை போயிடும்னுதான் மொதல்ல தோணுச்சு. அப்புறம் அந்தப் பொண்ணைப் பாத்தேன். என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அது காலைச் சாப்பாடு ஆகும்னு நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பா மேடம். தேங்க்யூ சொல்லிட்டு உக்காந்திருப்பா. மறுநாளும் தண்ணியில கலக்கிக் குடிச்சிட்டு பஸ் ஏறியிருப்பா. நான் என்ன சொன்னாலும் நம்புற மாதிரி ஒருத்தி எதிர்ல நிக்கிறான்னு தெரிஞ்சதும், வேலை போற பயத்தை விட அதுதான் மேடம் பெரிய பயமா இருந்துச்சு."

நாளைக்குக் காலையில் நீங்கள் வகுப்புக்குள் நுழையும்போது பிள்ளைகள் உங்களையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.